ஆறு பன்னிரண்டுக்குக் கேட்ட பாங்கு

சென்ற மாதம் எங்கள் பழைய ரேடியோ அறையில் புதுத் திரை பொருத்தினார்கள். சுவரில் பாதியை அடைக்கும் திரை. ஆழ்கடலில் நிற்கும் படகு ஒவ்வொன்றும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. படகில் பூட்டியிருக்கும் கருவி செய்மதிக்குச் சொல்ல, செய்மதி இந்தத் திரைக்குச் சொல்கிறது. ஓய்வுபெற்றவன் என்று என்னையும் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டு, மாலை போட்டு, ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். குரலை மட்டும் கேட்டு ஆட்களைத் தேடிய காலத்தைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். பிறகு வந்தவர்களெல்லாம் திரைக்கு முன்னால் நின்று கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டார்கள்.

தேநீர் குடிக்கும்போது இப்போதைய பொறுப்பதிகாரி பர்வீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ஓய்வுபெற்ற பிறகு வேலைக்கு வந்தவர், கெட்டிக்காரி.

"சேர், ஏழு போட் திரையில இல்ல. கருவிக்கு மேல சோத்துச் சட்டியக் கவுத்து வெச்சிடுறாங்க, சிக்னல் போகாது. கரைக்கு வந்தா கருவி பழுதெண்டு சொல்றாங்க. உசிரக் காப்பாத்துற சாமான் இது. இதப் போய் ஆராவது மூடுவாங்களா?"

"சட்டி அலுமினியமா, மண்ணா?" என்று கேட்டேன்.

"பகிடி பண்ணாதீங்க சேர்."

பகிடிதான். ஆனால் அந்தப் பகிடிக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்பது எனக்கே தெரிந்தது. ஏன் மூடுகிறார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதைச் சொல்வதானால் மீராலெவ்வையின் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீராலெவ்வையைப் பற்றிச் சொல்வதானால் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுத்தில் மாலையோடு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சாய்ந்தமருதைச் சேர்ந்தவன். பெயர் ஜப்பார். வாப்பா கரைவலைக்காரர். எனக்குக் கடல் ஒத்துவராது. தோணி கரையை விட்டு நகர்ந்தாலே வயிறு வாய்க்கு வந்துவிடும். அதனால்தான் கரையில் இருந்தபடி கடலோடு கதைக்கும் உத்தியோகத்தைத் தேடிப் பிடித்தேன் என்று வீட்டில் இன்றைக்கும் சிரிப்பார்கள். கொழும்பில் ஆறு மாதம் பயிற்சி தந்தார்கள். அதில் மிஞ்சியது ஒரே ஒரு பழக்கம். யாருக்காவது தொலைபேசி எண் சொன்னாலும் ஒவ்வோர் இலக்கமாக இரண்டு தரம் சொல்வேன். மனைவிக்கு அது பெரிய தலைவலி.

தொழிலைப் படித்தது கல்முனையில், தங்கராசா ஐயாவிடம். காரைதீவில் இருந்து சைக்கிளில் வருவார். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் ஊக்கு குத்திய, இரும்பு அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பு, மேசையில் பிளேட்டால் சீவிய மூன்று பென்சில். அன்பான மனிதர் என்று சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் வரை அவர் என் முகத்தை நேராகப் பார்த்ததாக நினைவில்லை. எப்போதும் நான் எழுதிய பக்கத்தைத்தான் பார்ப்பார்.

அந்தப் பேரேட்டுப் பக்கத்தை அவரே கோடு கீறித் தயாரித்திருந்தார். நேரம், படகின் பெயர், கேட்டது, நினைத்தது என்று நான்கு பத்தி. காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஆறு என்று ஒரு நாளைக்கு மூன்று முறை எல்லாப் படகையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டு அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். பதில் சொன்னால், சொன்னதை நிமிடத்தோடு மூன்றாவது பத்தியில் எழுத வேண்டும். ஒரு முறை பதில் வராவிட்டால் பெயரைச் சுற்றி வட்டம். இரண்டாம் முறையும் வராவிட்டால் பக்கத்துப் படகுகளிடம் விசாரிப்பு. மூன்றாம் முறை என்றால் மேலிடத்துக்குத் தொலைபேசி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு படகுக்கு நேரே "எல்லோரும் சுகம்" என்று எழுதிவிட்டேன். ஐயாவின் பென்சில் அந்த இடத்தில் வந்து நின்றது.

"இது நீர் கேட்டதா, நினைச்சதா?"

"கேட்டது சேர்."

"சுகம் எண்டு அவன் சொன்னானா?"

"சொல்லல்ல. சிரிச்சிச் சிரிச்சிக் கதைச்சான்."

"அப்ப 'சிரித்தான்' எண்டு எழுதும்."

அழித்து எழுதினேன். பின்னால் தகரம் தட்டும் சத்தம் கேட்டால் அதையும் எழுது, இருமினால் இருமினான் என்று எழுது, காற்றுச் சத்தம் என்றால் அதையும் எழுது என்பார். நான்காவது பத்தியை மட்டும் அவர் நிரப்பி நான் பார்த்ததில்லை. நாங்களும் நிரப்புவதில்லை. எதற்கு அந்தப் பத்தி என்று ஒருநாள் கேட்டதற்கு, "தேவைப்படேக்க இடம் இருக்கோணும்" என்றார். சரியான கிறுக்கு மனுசன் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். இதே மனுசன்தான் ரமழான் மாதத்தில் எங்கள் முன்னால் தேநீர் குடிக்கக் கூச்சப்பட்டு, கட்டடத்துக்குப் பின்னால் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்தபடி வந்து, "கிணத்தடிக்குப் போனனான்" என்பார். எங்கள் கட்டடத்தில் கிணறே கிடையாது.

இனிப் படகுகளின் பொய்யைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆழ்கடல் படகில் இடம் காட்டும் கருவி இருக்கும். ரேடியோவில் நாங்கள் கேட்டால் அதைப் பார்த்து வடக்கே இத்தனை பாகை, கிழக்கே இத்தனை பாகை என்று சொல்வார்கள். ஆனால் ரேடியோவில் சொல்வது ஊருக்கே கேட்கும். மற்றப் படகுகள் கேட்கும், கரையில் ரேடியோப் பெட்டி வைத்திருக்கும் வீடுகள் கேட்கும். பத்து நாள் அலைந்து சூரை மீன் நிற்கும் இடத்தை ஒருவன் கண்டுபிடித்து, அதை ரேடியோவில் உள்ளபடி சொன்னால் மறுநாள் அந்த இடத்தில் எட்டுப் படகு நிற்கும். அதனால் எல்லோரும் பொய்தான் சொல்வார்கள். அந்தப் பொய்க்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒவ்வொரு படகுக்கும் ஒரு கழிவு உண்டு. உண்மையான இடத்தில் இருந்து இவ்வளவு கூட்டிச் சொல்வேன், அல்லது இவ்வளவு குறைத்துச் சொல்வேன் என்று ஓட்டி தானே வைத்துக்கொள்ளும் எண். மீராலெவ்வை போன்றவர்கள் வடக்குத் தெற்கில் பொய் சொல்வதில்லை. கிழக்கே எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதில்தான் பொய்.

இதற்குத் தங்கராசா ஐயா ஒரு வழி கண்டிருந்தார். பருவம் தொடங்கும்போது ஓட்டி அறைக்கு வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் கழிவை ஒரு துண்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்து வைப்பார். ஐயா அதை இரும்பு அலுமாரியில் பூட்டுவார். படகு காணாமல் போனால் மட்டும், வீட்டுக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு திறப்பார். பருவம் முடிந்தால் திறக்காத உறையைக் கையில் கொடுத்துவிடுவார். அத்தனை படகுகளின் இரகசியமும் அந்த அலுமாரிக்குள் இருந்தது, ஒருவரும் பயப்படவில்லை.

நானும் உறை எதையும் திறந்ததில்லை. எனக்குத் திறக்கத் தேவையும் இருக்கவில்லை. பதினைந்து வருடம் அதே குரல்களைக் கேட்டவனுக்கு யார் எங்கே நிற்கிறான் என்று ஓரளவு விளங்கிவிடும். புறப்பட்ட நாள், போய்ச் சேர எடுத்த நேரம், யாருடைய குரல் யாருக்குத் தெளிவாகக் கேட்கிறது, இவற்றை வைத்தே சொல்லலாம். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து என் ராத்தா வீட்டில் சாப்பாடு. ராத்தாவின் கணவர் சலீம் மச்சானுக்கும் ஒரு படகு இருந்தது. மீன் இல்லை, மீன் இல்லை என்று ஒரே புலம்பல்.

"மீராலெவ்வை மட்டும் எங்கயிரிந்து அள்ளுறான்? எண்பத்து நாலு பாகையில நிக்கிறனெண்டு ரேடியோவில சொல்றான். அங்க போய்ப் பாத்தா ஒரு சூடைக் குஞ்சும் இல்ல."

சோற்றைப் பிசைந்தபடி சொன்னேன். "அவன் அங்க எங்க நிக்கிற? அதுக்கு இஞ்சால பாருங்க மச்சான். ஒரு பாகை இஞ்சால, கரைப் பக்கமா."

அவ்வளவுதான். நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று நாலு பேர் முன்னால் காட்ட ஒரு வசனம். மச்சான் சோற்றில் ஆணத்தை ஊற்றிக்கொண்டார். அடுத்த பயணத்தில் அவருடைய படகு மீராலெவ்வையின் வலைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதற்கு அடுத்த பயணத்திலும் நின்றது.

மீராலெவ்வை ஒன்றும் கேட்கவில்லை. அதுவரை ரேடியோவில், "கல்முனை, கல்முனை, ஜப்பார் காக்கா, இண்டைக்கி வீட்டுல என்ன கறி?" என்று அண்ணன் முறை வைத்துத் தொடங்குபவர், அதற்குப் பிறகு இடத்தை மட்டும் சொல்வார், நிறுத்துவார். உறையை மாற்றித் தரவும் வரவில்லை. எனக்கு மனதில் குத்தியது. குத்தியதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து ரமழான் வந்தது. கச்சான் காற்று வீசும் காலம். வயல் பக்கம் இருந்து கிளம்பிக் கூரைத் தகரத்தைத் தூக்கும் அந்தக் காற்று, கடலில் எஞ்சின் நின்ற படகைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போகும். தள்ளினால் அந்தமான் வரைக்கும் மறிக்க ஒன்றும் இல்லை. மீராலெவ்வையின் 'நூரியா' அந்த வாரம் கடலில் நின்றது. அவர், அவருடைய தம்பிமார் இரண்டு பேர், சமைக்கவும் வலை இழுக்கவும் மருதமுனை அலியார். அலியார் முன்பு தறி நெய்தவர். நல்ல குரல் வளம். பயணிக்கு நோன்பு கடமையில்லை என்றாலும் மீராலெவ்வை தன் படகில் நோன்பை விடமாட்டார். மாலையில் அலியார் பாங்கு சொல்வது ரேடியோவில் அவர் குரலுக்குப் பின்னால் கேட்கும்.

அன்று காலை ஏழு மணிக்கு நான் கூப்பிட முன்னரே நூரியா கூப்பிட்டது. பக்கம் என் கண்ணுக்குள் இருக்கிறது. "7.04. மெசின் உடைந்துவிட்டது. அலியாருக்குக் கை. தண்ணீர் ஏறுகிறது. எங்கட இடம்", அதோடு சத்தம் நின்றது. பேட்டரிக்குத் தண்ணீர் போயிருக்க வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மணித்தியாலம் கூப்பிட்டேன். மற்றப் படகுகளும் கூப்பிட்டன. இரைச்சல்தான் பதில். செய்மதிக்கு ஆபத்துச் சொல்லும் கருவி அப்போது எல்லாப் படகிலும் இல்லை, நூரியாவிலும் இல்லை. எங்கள் கையில் இருந்தது முந்தின நாள் அவர் சொன்ன இடம் மட்டும். கிழக்கே எண்பத்து நாலு பாகை.

மீராலெவ்வையின் மனைவி சுலைஹாவுக்கு ஆள் அனுப்பினோம். ஒன்பது மணிக்குள் வந்துவிட்டார். ஐயா ஊக்கைக் கழற்றித் திறப்பை எடுத்தார், உறையைச் சுலைஹாவிடம் காட்டி, "உங்கட அவர்ர கையெழுத்துத்தானே தங்கச்சி?" என்று கேட்டார். "ஓம் சேர்" என்றதும் பிளேட்டால் கீறினார். துண்டில் ஒரே வரி. ஒரு பாகை கூட்டிச் சொல்லுவேன். அப்படியென்றால் எண்பத்து நாலில் ஒன்றைக் கழிக்க வேண்டும். எண்பத்து மூன்று. நான் ராத்தா வீட்டில் சொன்ன அதே இடம்.

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றிவிட்டது. சலீம் மச்சானின் படகு இரண்டு தரம் பக்கத்தில் வந்து நின்ற பிறகும் மீராலெவ்வை அதே இடத்துக்கா போவார், அதே கழிவையா வைத்திருப்பார்? மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். எப்படி மாற்றினார் என்று தெரியாது. ஏன் மாற்றினார் என்று மட்டும் தெரியும். ஐயா தொலைபேசியை எடுத்து எண்பத்து மூன்று என்று தேடுதல் நிலையத்துக்குச் சொல்லும்போது நான் பக்கத்தில் நின்றேன். நினைத்ததைச் சொல்லக் கூடாது, கேட்டதை மட்டும் சொல்ல வேண்டும் என்பதுதானே இந்த அறையின் சட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினைந்து வருடம் நான் முணுமுணுத்த சட்டம் அன்றைக்கு எனக்கு நல்ல வசதியாக இருந்தது.

கடற்படைக் கப்பல் ஒன்று எண்பத்து மூன்றுக்குப் போனது. பக்கத்தில் நின்ற எங்கள் ஊர்ப் படகுகள் ஆறு, மீனை விட்டுவிட்டுத் தேடப் போயின. அவற்றில் சலீம் மச்சானின் படகும் ஒன்று. கச்சான் தள்ளியிருக்கும் தூரத்தையும் சேர்த்துக் கிழக்கே கொஞ்சம் விரித்துத் தேடினார்கள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒரு நீலத் தாங்கி மிதக்கிறது என்று தகவல் வந்து, அறைக்குள் இருந்த எல்லோரும் எழுந்து நின்றோம். அது வேறு யாருடையதோ பழைய தாங்கி, பாசி பிடித்துக் கிடந்தது.

சுலைஹா அந்த இரண்டு நாளும் அறையை விட்டுப் போகவில்லை. லுஹருக்கும் அஸருக்கும் எழுந்து பின்னறையில் தொழுதுவிட்டு வந்து அதே கதிரையில் உட்காருவார். என்னைப் பார்த்தார், நான் ரேடியோவைப் பார்த்தேன். இரண்டாம் நாள் அஸருக்குப் பிறகு அவராகவே பேச்சைத் தொடங்கினார்.

"சேர், ஒண்டு சொல்லணும். அவர் இப்ப கொஞ்ச நாளா இந்த ரேடியோவ நம்புறல்ல. சலீம் காக்காட போட் பக்கத்துல வந்து நிண்ட நாளையிலிரிந்து. 'ஆரோ நம்மட இடத்தச் சொல்லிக் குடுக்கிறாங்க சுலைஹா, இனி நான் வேற மாதிரித்தான் சொல்லணும்' எண்டாரு. அந்தக் கடிதத்துல உள்ளது பழைய கணக்கோ எண்டு பயமாயிரிக்கி."

ஐயா பென்சிலைக் கீழே வைத்தார். "ஆர் சொல்லிக் குடுத்தது?"

சுலைஹா என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் என் பெயரைச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"நான்தான் சேர்" என்றேன். "உறையத் திறக்கல்ல. கேட்டுக் கேட்டு விளங்கினத மச்சானுக்கிட்ட வாய்தவறிச் சொல்லிட்டன்."

"எப்ப?"

"ஆறு மாசம் முந்தி."

"அவர் கழிவை மாத்தியிருப்பார் எண்டு உமக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்ல ஓர் இடைவெளி இருந்தது. இப்போதுதான் தோன்றுகிறது என்று சொல்லியிருக்கலாம். சுலைஹா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"நேத்து, உறையத் திறக்கக்குள்ள நினைச்சன் சேர்."

ஐயா கத்துவார் என்று காத்திருந்தேன். பேரேட்டை என் பக்கம் திருப்பி வைத்து, முந்தின நாளின் வரியில், நான்காவது பத்தியில் விரலை வைத்தார்.

"எழுதும்."

எழுதினேன். "கழிவு மாறியிருக்கலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை." கீழே பெயர் வைத்தேன். அந்தப் பத்தியில் என் கையால் எழுதப்பட்ட முதல் வரி அதுதான்.

ஆனால் அதை எழுதியதால் நாலு பேர் கிடைத்துவிடப் போவதில்லை. எண்பத்து மூன்று பிழை என்றால் எது சரி? கூட்டினாரா, குறைத்தாரா, எவ்வளவு? ஐயா தலையில் கையை வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தார். பிழையான பக்கம் கப்பலைத் திருப்பினால் இன்னும் இரண்டு நாள் போகும். கை உடைந்த ஒருவன் அங்கே கிடக்கிறான். தண்ணீர்த் தாங்கியில் எவ்வளவு மிச்சம் என்று எவருக்கும் தெரியாது.

நேரம் ஆறே காலைத் தாண்டியது. நோன்பு துறக்கப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். சுலைஹா ஒரு பழத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பள்ளி பாங்குக்குக் காத்திருந்தார். தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்.

"இந்நேரத்துக்கு அவரு துறந்து முடிச்சிருப்பாரு. இந்த நோன்புல ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான். நான் இஞ்ச பழத்தக் கையில வெச்சிக்கிட்டிரிக்கக்குள்ள அங்க அலியார் பாங்கு சொல்லி முடிச்சிடுவாரு. எங்கட பெட்டியில கேக்கும். எவ்வளவு தூரம் போறாரோ அவ்வளவு வெள்ளென துறப்பாரு."

ஐயா தலையை நிமிர்த்தினார். "என்ன சொன்னனீங்க?"

"கடல்ல பொழுது வெள்ளென விழும்தானே சேர். அவரு கலண்டர் பாக்கிறல்ல, பொழுது விழுறதக் கண்ணால பாத்துத்தான் துறப்பாரு."

ஐயா பேரேட்டைத் தன் பக்கம் இழுத்தார். பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். கிழக்கே ஒரு பாகை போனால் சூரியன் நாலு நிமிடம் முந்தி மறையும். அதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். கடைசி மூன்று மாலையும் நூரியாவுக்கு நேரே என் எழுத்து இருந்தது. "6.12. நோன்பு துறந்தாச்சு என்றார். பின்னால் பாங்கு." "6.12. பின்னால் பாங்கு." "6.13. பின்னால் பாங்கு, இருமல்." மூன்று நாளும் நானே காதால் கேட்டு, நானே எழுதி, ஒன்றையும் யோசிக்காமல் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் அந்த நாட்களில் நோன்பு துறக்கும் நேரம் ஆறு இருபத்தேழு. கலண்டரில் பேணுதலுக்காக, முன்னெச்சரிக்கையாகக் கூட்டியிருக்கும் இரண்டு நிமிடத்தைக் கழித்தால் ஆறு இருபத்தைந்து. படகில் ஆறு பன்னிரண்டு. பதின்மூன்று நிமிடம் முந்தி. எண்பத்து மூன்றில் நின்றிருந்தால் ஐந்து நிமிடம்தான் முந்தியிருக்கும். பதின்மூன்று என்றால் கல்முனையில் இருந்து மூன்று பாகைக்கு மேல். எண்பத்தைந்து. ஐயா இரண்டு தரம் போட்டுப் பார்த்தார், என்னையும் ஒரு தரம் போடச் சொன்னார். மீராலெவ்வை முன்பு ஒரு பாகை கூட்டிச் சொன்னவர், இப்போது ஒரு பாகை குறைத்துச் சொல்லியிருக்கிறார். நாங்கள் இரண்டு பாகை தள்ளி, நூற்றிருபது கடல் மைல் தள்ளித் தேடிக்கொண்டிருந்தோம்.

மீன் நிற்கும் இடத்தில் பொய் சொல்வார்கள். நோன்பு துறக்கும் நேரத்தில் எந்த ஓட்டியும் பொய் சொல்ல மாட்டான்.

பள்ளியில் பாங்கு சொன்னது. சுலைஹா பழத்தை வாயில் வைக்காமல் ஐயாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா தொலைபேசியை எடுத்தார். மறுபக்கம் இருந்த அதிகாரியிடம் சிங்களத்தில் விளக்கினார். நோன்பு துறந்த நேரத்தை வைத்தா கப்பலைத் திருப்பச் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்டது எங்களுக்கே கேட்டது. ஒரு நிமிடம் பிழைத்தால் பதினைந்து மைல் பிழைக்குமே என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான்.

"பிழைக்கலாம்" என்றார் ஐயா. "நான் கேட்டதையும் சொல்லிட்டன், நினைச்சதையும் சொல்லிட்டன். நினைச்சதுக்குக் கீழ என்ர கையெழுத்து இருக்கு. கப்பலைத் திருப்புங்கோ."

சொன்ன பிறகுதான் உண்மையில் எழுதினார். நான்காவது பத்தியில், என் வரிக்குக் கீழே, "எண்பத்தைந்து, அங்கிருந்து கச்சான் போக்கில் கிழக்கே" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பென்சிலால் அல்ல, பேனையால்.

மறுநாள் காலை ஏழு மணி அழைப்பு, ஒரு மணி அழைப்பு இரண்டையும் நானே செய்தேன். ஒவ்வொரு முறையும் நூரியாவை மூன்று தரம் கூப்பிட்டேன், பதில் வராதென்று தெரிந்தும். அஸர் தொழுகைக்குச் சற்று முந்தித் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் ஐயா. கேட்டுக்கொண்டே எழுதினார். அவருடைய பென்சில் எழுதுவதைத் தலைகீழாக வாசித்தேன். படகு கண்டுபிடிக்கப்பட்டது. மூவர் உயிருடன்.

மூவர்.

எஞ்சின் உடைந்தபோது வார்ப்பட்டி அலியாரின் கையை இழுத்திருந்தது. துணியால் கட்டி, மூன்று நாளாகப் படகில் இருந்த தண்ணீரில் முக்கால்வாசியை அவருக்கே கொடுத்திருக்கிறார்கள். அன்று விடியற்காலை, ஸுபஹுக்குப் பிறகு அவர் மௌத்தானார். கப்பல் போய்ச் சேர்ந்தது அதன் பிறகு பத்து மணித்தியாலம் கழித்து. நான் நினைத்ததை நினைத்த நேரத்தில் சொல்லியிருந்தால் ஒரு நாளாவது முந்தியிருக்கும். எத்தனையோ விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், அது மாறவில்லை. படகு எங்கே என்று சொன்னது அவருடைய பாங்கு. அந்தப் பாங்கால் பிழைக்காமல் போனவர் அவர் ஒருவர்தான்.

மருதமுனையில் ஜனாஸாத் தொழுகையில் கடைசி வரிசையில் நின்றேன். பிறகு அலியாரின் வாப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். "சரி மனே, போங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஐயா அறிக்கையில் என் பெயரை எழுதியே அனுப்பினார். என்னை வேறு அலுவலகத்தில் எழுத்து வேலைக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு, ஆள் பற்றாக்குறை என்று அவரே கேட்டு என்னைத் திரும்ப எடுத்தார். முதல் நாள் நான் எழுதிய பக்கத்தைப் பார்த்து, "ஐந்தை வடிவா எழுதும்" என்றார்.

மீராலெவ்வை அதே வருடம் மீண்டும் கடலுக்குப் போனார். புறப்பட முந்தி அறைக்கு வந்தார். ஐயா உறையையும் துண்டையும் எடுத்து வைத்தார்.

"உறை வேணாம் சேர்" என்றார் மீராலெவ்வை.

நான் எழுந்து நின்று, "மீராலெவ்வை, நான்தான்" என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும். சுலைஹா சொன்னா. ஒங்களுக்கிட்ட இனி ஒரு எண்ணும் தரமாட்டன் காக்கா." போய்விட்டார்.

அன்று மாலை ஆறு மணி அழைப்பில் நூரியா பதில் சொன்னது. வழமைபோல ஏதோ ஒரு பொய்யான இடம். எழுதினேன். பிறகும் அவர் ரேடியோவை வைக்கவில்லை, இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. சில நிமிடம் கழித்து, "கல்முனை, நூரியா. பொழுது விழுந்திட்டு" என்றார். வைத்துவிட்டார். அது ரமழானும் இல்லை.

அதற்குப் பிறகு நான் ஓய்வுபெறும் வரைக்கும் அவர் கடலில் நின்ற எல்லா நாளும் அது நடந்தது. முதலில் ஒரு பொய், பிறகு பொழுது விழுந்த நிமிடம். ஊரில், பள்ளியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு ஒருநாளும் எண் தரவில்லை. ஆனால் படகு தவறினால் நாங்கள் அதை எங்கே தேட வேண்டும் என்பதை ஒருநாளும் தராமலும் விடவில்லை.

பர்வீன், கருவியைச் சட்டியால் ஏன் மூடுகிறார்கள் என்று கேட்டீர்கள். விழாவன்று உங்கள் திரைக்கு முன்னால் நின்று பச்சைப் புள்ளிகளைப் படம் பிடித்தவர்களில் மூன்று பேர் படகு முதலாளிமார். அவர்களில் ஒருவர் என் சலீம் மச்சான், தலை நரைத்தும் பழக்கம் போகவில்லை. முதலில் அந்த அறைக் கதவைப் பூட்டுங்கள். பிறகு, அறைக்குள் இருப்பவர்கள் வீட்டில் சோறு தின்னும்போது என்ன கதைக்கிறார்கள் என்று பாருங்கள். சட்டி தானாக இறங்கும்.

அந்தப் பேரேடுகள் இன்னும் அலுமாரியில் இருக்கும். எடுத்துப் பார்த்தால் நூரியாவுக்கு நேரே என் எழுத்தில், மூன்றாவது பத்தியில், வருடக்கணக்காக ஒரே மாதிரி வரிகளைக் காண்பீர்கள். பொழுது விழுந்தது, பின்னால் பாங்கு இல்லை. கேட்காததை எழுதக் கூடாது என்று அந்த இடத்தில் பென்சிலை வைக்க வேண்டியவர் தங்கராசா ஐயா. தான் ஓய்வுபெறும் வரைக்கும் அந்த வரிகளை அவர் தினமும் பார்த்தார். ஒருநாளும் வைக்கவில்லை.